கோச் அண்ணனுக்கு, ஊர் குரூப்பில் எழுத முடியாதது

அன்புள்ள அண்ணே,

முடிவு எடுத்தாச்சு. நான் நடத்துகிற பொடிசுகளின் கால்பந்து லீக்கில் ஆடுகிற அந்த ரெண்டு பிள்ளைகளையும் உங்கள் கிளப் செலக்‌ஷனுக்கு அனுப்பப் போவதில்லை. ஆள்விட்டுக் கேட்டீர்கள்; அந்த ஆளிடமே பதில் சொல்லி அனுப்பியிருப்பேன். அதற்குள் ஊர் குரூப்பில் உங்கள் வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது. "கப்பும் கெடையாது, பாயிண்டும் கெடையாது, இதுக்குப் பேரு லீக்காம்." அதற்குச் சிரிப்பு பொம்மை போட்டவர்களில் பாதிப் பேர் என்கூட ஆடியவர்கள். அதனால் பதிலும் நாலு பேர் பார்க்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

நாலு பேர் பார்ப்பதால் சிலதை எழுத மாட்டேன். முதல் பூட்ஸ் எப்படி வந்தது, அம்மாவை யார் வந்து சம்மதிக்க வைத்தது, எட்டாம் வகுப்புக்குப் பிறகு என்ன நடந்தது, எதுவும் இங்கே வராது. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

நார்வே, பெல்ஜியம் என்று ஆரம்பித்து உங்களை மடக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எழுத ஆரம்பித்தால் அவன்தான் வந்து நிற்கிறான்.

அந்த செலக்‌ஷன் நாள். வள்ளங்களுக்கும் காயப்போட்ட வலைக்கும் நடுவில் எங்களை வரிசையாக நிறுத்தியிருந்தீர்கள். உங்கள் கையில் நீல அட்டை நோட்டு. பேர் கூப்பிட்டால் ஓரடி முன்னால் வரவேண்டும். என் பேர் வந்தது. எனக்கு அடுத்து நின்றவன் அவன். அவன் இடது காலால் அடித்தால் பந்து கோல்கீப்பருக்குப் போக்குக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகும், நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அவன் உங்கள் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் அசைவது நின்றது, நோட்டு மூடியது. அவன் அப்போதும் நகரவில்லை. இன்னும் பேர் இருக்கிறது என்று நினைத்திருப்பான். யாரோ கேட்டதற்கு, "விசில் கேக்காதவன வச்சு என்னலே செய்ய? ஆஃப்சைடு ஊதுனப்பெறவும் ஓடிட்டே கெடப்பான்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பது அவனுக்குத் தெரிந்தது, எதற்கென்று தெரியவில்லை. அவனும் சிரித்தான்.

அந்த சீசன் முழுக்க அவன் வந்தான் அண்ணே. ஏ.வி.எம். கால்வாயில் பந்து விழுந்தால் இறங்கி எடுப்பது அவன் வேலை ஆனது. ஆகாயத்தாமரைக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவான். நீங்கள் கைதட்டுவீர்கள். அடுத்த வருஷம் அவன் மாமாவோடு தங்கலுக்கு, நாள்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்கப் போனான்.

ஒரு கொடி போதும். காது கேளாதவர்களின் கால்பந்தில் நடுவர் கையில் கொடி வைத்திருப்பார். விசிலுக்குப் பதில் அதை ஆட்டுவார். உங்கள் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டே போதும். இது நேற்று வந்த ஏற்பாடும் இல்லை. காது கேளாதவர்களுக்கான முதல் சர்வதேசப் போட்டி 1924-ல் பாரிஸில் நடந்தபோதே அதில் கால்பந்து இருந்தது. அப்போது நம் கடப்புறத்தில் மட்டும் என்ன, பெரிய ஊர்களிலேயே இதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள் என்பீர்கள். உண்மை. உங்களுக்கு ஒரு கோர்ஸ் இல்லை, சம்பளம் இல்லை. காற்று நிறைத்தால் ஒரு பக்கம் புடைக்கிற பந்து ஒன்று இருந்தது. திருவிழாவில் ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் போட்டியில் ஜெயித்தால்தான் அடுத்த செட் ஜெர்ஸி. தோற்கிற பிள்ளையைச் சேர்த்து வைத்துக்கொள்ள உங்களிடம் வசதி இல்லை. இதை உங்களுக்காக நானே பல பேரிடம் வாதாடியிருக்கிறேன்.

ஆனால் வசதி வந்தபிறகும் அந்த நோட்டு மூடவில்லையே. இப்போது கோன் இருக்கிறது, பிப் இருக்கிறது, வேன் இருக்கிறது. ஏழு வயசுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி "நீ வா, நீ போ" என்கிற வழக்கம் அப்படியே இருக்கிறது. என்னை ஏன் சேர்த்தீர்கள் என்பதும் பிறகு தெரிந்தது. மாவட்டப் போட்டிக்குப் பெண்கள் அணியில் ஆள் குறைந்தது. அது தெரிந்த நாள் வரைக்கும் நான் நன்றாக ஆடினேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சரி, மெசேஜுக்கு வருகிறேன். "எல்லாரையும் ஆடவிட்டா எவன் இந்தியாவுக்கு ஆடுவான்?" என்கிறீர்கள். பெல்ஜியத்தில் இதே கேள்வி வந்தது. லூவன் பல்கலைக்கழகத்தை வைத்து 1,500 சிறுவர் ஆட்டங்களைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் பந்தை இரண்டே தடவை தொட்ட குழந்தைகள் இருந்தார்கள். மிஷேல் சப்லோன் என்ற அவர்களுடைய தொழில்நுட்ப இயக்குநர் ஆட்டத்தைச் சின்னதாக்கினார்; ஏழு, எட்டு வயசுக்கு உட்பட்டவர்களின் புள்ளிப் பட்டியலையே தூக்கிவிட்டார். 2007-ல் உலகத் தரவரிசையில் 71-வது இடம் வரை போன நாடு 2015 நவம்பரில் முதலிடம். அதற்கு அது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்கள் என்னை அங்கேதான் பிடிப்பீர்கள். நார்வேயில் 11 வயசுக்கு முன் ரிசல்ட் பட்டியல் கிடையாது, 13 வரை தேசியச் சாம்பியன்ஷிப் கிடையாது. கோல் அடிப்பதில் பேர்போன எர்லிங் ஹாலண்ட் அங்கே வளர்ந்தவர்தான்.

வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்றால் மிசோரம். மாநிலம் முழுக்கச் சேர்த்தாலும் நம் மாவட்டத்து ஜனத்தொகை வராது. 2014-ல் மாநில அணிகளுக்கான சந்தோஷ் டிராபியை ஜெயித்தார்கள், 2017-ல் அவர்களுடைய ஐசால் எஃப்சி கிளப் தேசிய அளவிலான ஐ-லீக்கை ஜெயித்தது. அங்கே பொடிசுகளுக்கென்றே நௌபாங் லீக் நடத்தினார்கள். 2018-ல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கோல்டன் பேபி லீக் என்று நாடு முழுக்கக் கொண்டுவந்தது. பையனும் பெண்ணும் கலந்து, சின்ன மைதானம், மாதக்கணக்கில் ஆட்டம். இப்போது அதே கூட்டமைப்பின் புளூ கப்ஸ் என்ற சிறுவர் திட்டம், விஷன் 2047 என்ற நீண்டகாலத் திட்டம். டெல்லியில் பேர் மாறிக்கொண்டே இருக்கும். பள்ளிகளுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் பந்து கொடுப்பதாக ஃபிஃபாவின் திட்டமும் வந்தது. பந்து வந்து சேர்வது பெரிய விஷயம் இல்லை. சாயங்காலம் நாலரை மணிக்கு பி.டி. ரூம் பூட்டைத் திறந்து அதை வெளியே எடுப்பது யார் என்பதுதான் கேள்வி. அதற்கு எந்தத் திட்டத்திலும் ஆள் கிடையாது. நம் பக்கம் நீங்கள் இருந்தீர்கள். இப்போதும் காலையில் உங்களுக்கு முன்னால் எவனும் மைதானத்துக்கு வருவதில்லை. அதனால்தான் உங்கள்மேல் இவ்வளவு கோபம்.

மெசேஜில் கால்பந்து வீரர் சூசைராஜ் பேரைச் சொல்கிறீர்கள். இரவிபுத்தன்துறையில் இருந்து போய் 2019-ல் கிங்ஸ் கப்பில் இந்திய ஜெர்ஸி போட்டார். பெருமைதான். ஆனால் கடப்புறத்தில் ஆட்டம் எப்படி நடக்கும் என்பதை மறந்துவிட்டீர்களா? வந்தவன் எல்லாம் ஆடுவான். பதினாலு பேர் ஒரு பக்கம், பதிமூணு பேர் ஒரு பக்கம். கிளப் என்று போர்டு வைத்த பிறகுதான் ஆளைத் தள்ள ஆரம்பித்தோம்.

என் லீக்கைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அஞ்சு பேர் ஆட்டம், வந்த பிள்ளை ஒவ்வொன்றும் பாதி நேரமாவது ஆடவேண்டும், விசிலோடு சிவப்புக் கொடியும் உண்டு, அவ்வளவுதான். தேங்காய்ப்பட்டணத்தில் இருந்து ஒரு பிள்ளை முக்காடு போட்டு வருகிறாள். ஊசி குத்தாமல் முடிச்சுப் போட்டுக் கட்டச் சொன்னேன், ஆடுகிறாள். முக்காட்டோடு ஆட ஃபிஃபாவே 2014-ல்தான் அனுமதித்தது. மூளை வளர்ச்சி மெதுவான ஒரு பையன் பந்தைக் கண்டால் கையில் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேராக கோலுக்குள் ஓடிவிடுவான். அவனுக்கு மற்ற பிள்ளைகள் பாஸ் கொடுப்பதில்லை. திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். இதற்கு என்னிடம் இன்னும் வழி இல்லை. போன ஞாயிறு ஒரு அப்பா வந்து, "கப்பு இல்லன்னா எம்புள்ளைக்கு என்ன பிரயோஜனம் டீச்சர்?" என்று கேட்டார். உங்கள் மெசேஜை அப்படியே ஒப்பித்தார்.

நம் ஊர் அவனையும் கூப்பிட்டேன், கொடி பிடிக்க. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் போட்டில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். போனில் மைதானத்தின் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். வரமாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கினான். அவனை வைத்து உங்களுக்கு நல்ல முடிவாக ஒன்று எழுதலாம் என்று இருந்தேன். அவன் ஒத்துழைக்கவில்லை.

2025 ஜூலையில் தாய்லாந்தை நம் பெண்கள் 2-1 என்று அடித்து ஆசியக் கோப்பைக்குப் போனார்களே, சங்கீதா பாஸ்போர் ரெண்டாவது கோல் போட்டதும் கை தானாக உங்கள் நம்பரைத் தேடியது. வேறு யாரிடம் சொல்ல? ரிங் போகுமுன் கட் பண்ணிவிட்டேன். பழைய நம்பர்தான் இப்போதும் இருக்கிறதா?

மன்னிப்பு கேட்கச் சொல்லி நம்மளப்போல ரெண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். குருவை எதிர்த்துப் பேசக்கூடாதாம். எதிர்த்து நிற்கச் சொல்லித் தந்தது நீங்கள்தான் என்று அவர்களிடம் சொன்னேன். உங்கள் மனசு நோகும்படி எழுதியிருந்தால் அதற்கு வருத்தம் உண்டு. அந்த ரெண்டு பிள்ளைகளை அனுப்பாததற்கு வருத்தம் இல்லை. பதிமூணு வயசு ஆனபிறகு அதுகளே உங்களிடம் வர ஆசைப்பட்டால் நானே கூட்டிவருகிறேன்.

இப்போது வேலை விஷயம். கோயில் மைதானத்தில் ஞாயிறு காலை ஆறரை முதல் எட்டரை வரை பாதி இடம் எங்களுக்கு வேண்டும். பங்குச் சாமியார் உங்களிடம் கேட்கச் சொல்லிவிட்டார். இன்னொன்று, உங்கள் ஷெட்டில் கிடக்கிற சின்ன கோல் போஸ்ட் ரெண்டும் பெண்கள் அணி ஜெயித்த காசில் வாங்கியது. வியாழக்கிழமை சாயங்காலம் லோடு ஆட்டோ அனுப்புகிறேன், சாவியைக் கொடுத்துவிடுங்கள். வலை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, நம் ஊரில் வலை கட்டத் தெரியாத வீடு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் பழைய ரைட் பேக்