பயணப் பட்டியலில் ஒரு பித்தளைச் சாவி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பரில் பிரிட்டனுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் என்னென்ன எடுத்துச்செல்ல வேண்டும் என்று தங்கள் ஞாயிறு மலர் பட்டியல் போட்டிருந்தது. கனத்த மேலங்கி, ஊறுகாய், பிரஷர் குக்கர் எல்லாம் சரி. ஆனால் குளிர்காலம் முழுவதும் அவர்கள் குடியிருக்கப்போகும் வீட்டைச் சூடாக்குவது எது, அது நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. மின்விசிறி இல்லாமல் தூங்கத் தெரியாத நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைத்தானே முதலில் சொல்ல வேண்டும்?

நான் பினாங்கு ஹோட்டல்களில் குளிரூட்டிப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உள்ளே சுடுநீர் ஓடி வீட்டைச் சூடாக்கும் இரும்புப் பலகையான ரேடியேட்டருக்கு இந்த ஊரில் வேலை இல்லைதான். ஆனால் அது இயங்கும் விதம் எனக்குப் பழக்கமானது. நம் பெரிய ஹோட்டல்களில் ஏறத்தாழ 7 டிகிரிக்குக் குளிர்ந்த தண்ணீரைப் பம்பு மாடி மாடியாக அனுப்பும். அறைகளின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு அது 12 டிகிரியில் திரும்பி வரும். பிரிட்டன் வீடுகளில் எரிவாயுக் கொதிகலன் சுடுநீரை அனுப்புகிறது. அது அறைகளுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. குழாயில் காற்று புகுந்துவிட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் முரண்டு பிடிக்கும்.

என் தம்பி மகள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் படிக்கிறாள். சில மாணவிகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த பழைய வரிசை வீடு; அவளுக்கு வாய்த்தது கூரையடி அறை. நவம்பரில் அந்த அறையின் ரேடியேட்டர் குளிர்ந்துவிட்டது. வீட்டைக் கவனிக்கும் முகவரோ, ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இங்கே அவள் அம்மா சௌராஸ்தா சந்தைப் பக்கம் போய்க் கம்பளி வாங்கி அஞ்சலில் அனுப்பினார். பினாங்கில் கம்பளி தேடி அலைந்த ஒரே பெண்மணி அவராகத்தான் இருப்பார். தம்பி மின்சாரச் சூடேற்றி வாங்கப் பணம் அனுப்பக் கிளம்பினான். அதை நான்தான் தடுத்தேன். 2 கிலோவாட் சூடேற்றி ஐந்து மணி நேரம் ஓடினால் 10 யூனிட். அந்த நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை அதே அளவு ஆற்றல் தரும் எரிவாயுவைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. வாடகைக்கு மேல் இன்னொரு வாடகை ஆகிவிடும்.

அவளுக்கு இரவு ஒன்பது மணி, எங்களுக்கு விடியற்காலை ஐந்து. புலனத்தில் (வாட்ஸ்அப்) காணொலியில் வந்தாள்.

"பெரியப்பா, தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருக்கிறது."

"எங்கே தொட்டாய்? மேலேயா, கீழேயா?"

இந்தக் கேள்வியை அந்த முகவர் கேட்டிருந்தால் அன்றே பாதி வேலை முடிந்திருக்கும். மேல்பகுதி குளிர்ந்து கீழ்ப்பகுதி வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே காற்று தங்கியிருக்கிறது என்று பொருள். கீழ்நடுப் பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால், இரும்பு அரித்து உண்டாகும் கறுப்புச் சேறு அடியில் படிந்திருக்கிறது. அதைக் கழுவி எடுப்பது தொழிலாளியின் வேலை. மற்ற அறைகள் சூடாக இருக்க ஒன்று மட்டும் முழுவதும் குளிர்ந்தால், ரேடியேட்டரின் ஓரத்தில் 1 முதல் 5 வரை எண் போட்ட திருகுத் தலைக்குக் கீழே உள்ள வால்வு ஊசி, கோடை முழுவதும் அசையாமல் கிடந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். தலையைக் கழற்றி ஊசியை மெல்ல அழுத்தி விட்டால் பெரும்பாலும் அசைந்து கொடுக்கும். இடுக்கியால் பிடித்து இழுக்கக் கூடாது. ஊசி கையோடு வந்துவிட்டால் அறையில் தண்ணீர் பாயும். எல்லா அறைகளுமே குளிர்ந்தால் ரேடியேட்டரை விட்டுவிட்டுக் கொதிகலனைப் பார்க்க வேண்டும்.

அவளுடையது மேல்பகுதிதான். கூரையடி அறைதான் அந்த வீட்டிலேயே உயரமான இடம். காற்று அங்கே போய்ச் சேர்வதில் வியப்பில்லை. அதை வெளியேற்ற ஒரு சிறிய பித்தளைச் சாவி போதும். அங்கே எந்த இரும்புக் கடையிலும் ஒன்றிரண்டு பவுண்டுக்குக் கிடைக்கும். கொதிகலனை அணைத்து, தண்ணீர் ஆறும்வரை காத்திருக்கச் சொன்னேன். பிறகு ரேடியேட்டரின் மேல்மூலையில் உள்ள சதுரத் திருகின் கீழே பழந்துணியைப் பிடித்துக்கொண்டு, இடப்புறமாகக் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று. புஸ்ஸென்று காற்று வந்தது. அது ஓய்ந்து தண்ணீர் சொட்டியதும் திருகை மூடினாள். அந்தத் தண்ணீர் கறுப்பாக இருக்கும். வாடகை வீட்டுக் கம்பளத்தில் சிந்தினால் முன்பணம் போய்விடும். இருட்டாக இருக்கிறதென்று தீக்குச்சி கிழிப்பதும் ஆகாது. உள்ளே அரிப்பு இருந்தால் வெளிவரும் வாயுவில் ஹைட்ரஜன் கலந்திருக்கக் கூடும்.

காற்றை விட்டபின் கொதிகலனின் அழுத்த முள்ளைப் பார்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆறிய நிலையில் அது 1 முதல் 1.5 பார் என்ற அழுத்த அளவுக்குள் நிற்க வேண்டும். குறைந்திருந்தால், அடியில் தண்ணீரை உள்ளே விடும் இணைப்புக் குழாயின் சிறு வால்வுகளை மெல்லத் திறந்து, முள் ஏறியதும் இரண்டையும் இறுக மூட வேண்டும். இதைத் தொடுமுன் முகவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடு என்று அவளிடம் சொன்னேன். கொதிகலனின் மூடியைத் திறப்பது வேறு கதை. அது எரிவாயுக் கருவிகளைத் தொட அனுமதி தரும் 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. கை துருதுருக்கும் பையன்களுக்கு இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டும்.

அன்றிரவே அறை சூடாகிவிட்டது. ஆனால் சில வாரங்களில் மறுபடியும் காற்று, மறுபடியும் முள் இறக்கம். அப்படியானால் எங்கோ கசிவு அல்லது அரிப்பு; சாவியால் ஆகிற காரியமில்லை. இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளில் சூடேற்றும் அமைப்பைப் பழுதில்லாமல் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை என்று 1985ஆம் ஆண்டு வீட்டுக்காரர் வாடகையாளர் சட்டத்தின் 11ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, தேதி போட்டு, அழுத்த முள்ளின் படங்களை இணைத்து எழுது என்றேன். அதுவரை அசையாத முகவர் அந்த வாரமே ஆள் அனுப்பினார். குளியலறை ரேடியேட்டரின் வால்வு ஒன்று ஓயாமல் கசிந்துகொண்டிருந்திருக்கிறது.

நம் வீடுகளில் பெண் பிள்ளைகள் கையில் திருப்புளியைக் கொடுப்பதில்லை. ஆண் பிள்ளைகளும் இப்போது எதற்கெடுத்தாலும் ஆளைக் கூப்பிடு என்றே வளர்கிறார்கள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பயணத்துக்கு முன் விளக்கக் கூட்டம் நடத்தும் கல்வி முகவர்கள் விசாவுக்கும் வங்கிக் கணக்குக்கும் ஒரு பகல் முழுவதையும் செலவிடுகிறார்கள். அதில் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்கக் கூடாதா? அழைத்தால் நான் சம்பளமில்லாமல் வந்து பேசுகிறேன்.

அடுத்த ஆண்டுப் பட்டியலில் அந்தச் சாவியோடு, மணமில்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு கசிந்தால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி அந்த வீட்டில் இருக்கிறதா என்று குடியேறும் நாளிலேயே பார்க்கச் சொல்லும் வரி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். பிரஷர் குக்கரை எடுத்துவிட்டால் இடம் தாராளமாகக் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குளிரூட்டிப் பராமரிப்பாளர்,
ஜெலுத்தோங், பினாங்கு