பலன் தாளில் இன்னும் இரண்டு கட்டங்கள்: காப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

உயிர்க் காப்பும் சேமிப்பும் சேர்ந்த எண்டோமென்ட் பாலிசி போட உட்காருகிறவரிடம் ஏஜென்ட் ஒரு தாளை நீட்டுவார். உங்கள் விதிப்படி கம்பெனிகள் கட்டாயம் தர வேண்டிய பலன் விளக்கத் தாள் அது. முதலீடு 4 சதவீதம் ஈட்டினால் இவ்வளவு, 8 சதவீதம் ஈட்டினால் இவ்வளவு என்று இரண்டு கணக்கு. இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லை என்ற குறிப்பும் உண்டு. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் இருபது வருஷம் கழித்து வரப்போகும் ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றே என்பதுபோல அந்தத் தாள் இருக்கிறது. விலைவாசி என்ற பேச்சே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வருஷம் 50,000 ரூபாய் பிரீமியம், 20 வருஷம். செலவெல்லாம் கழிந்து பாலிசிதாரருக்குக் கிடைக்கும் வருமானம் ஐந்தரை சதவீதம் என்று வையுங்கள். முதிர்வுத் தொகை சுமார் 18.39 லட்சம். “கட்டுறது பத்து லட்சம், வர்றது கிட்டத்தட்ட டபுள் சார்” என்பார் ஏஜென்ட். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் அந்த 18.39 லட்சத்தின் இன்றைய மதிப்பு 5.73 லட்சம். நியாயமாகப் பார்த்தால் பின்னாளில் கட்டும் தவணைகளையும் இதேபோல் குறைத்துத்தான் மதிப்பிட வேண்டும். அப்படிச் செய்தாலும் கட்டியது 6.08 லட்சம். ஆக, நஷ்டம்.

சரி, 4 சதவீதம்தான் ஏறுகிறது என்றால்? கட்டியது 7.07 லட்சம், கிடைப்பது 8.39 லட்சம். அதே பாலிசி, அதே முதிர்வுத் தொகை, இப்போது லாபம். (நடுவில் உயிர்க் காப்பும் இருக்கிறது, அதற்கும் ஒரு விலை உண்டு, மறுக்கவில்லை.) லாபமா நஷ்டமா என்பதையே புரட்டிப்போடுகிற ஒரு விஷயம் தாளில் எங்கேயும் இல்லாதது எப்படிச் சரியாகும்?

எதிர்காலப் பணவீக்கம், அதாவது விலைவாசி ஏறும் வேகம், யாருக்குத் தெரியும் என்று கம்பெனிகள் கேட்கும். வாஸ்தவம். 2013 நவம்பரில் சில்லறைப் பணவீக்கம் 11 சதவீதத்தைத் தாண்டியது. 2025 அக்டோபரில் கால் சதவீதத்துக்கு இறங்கியது. ஆனால் 20 வருஷத்துக்கான முதலீட்டு வருமானம் மட்டும் யாருக்குத் தெரியும்? அதற்கு 4, 8 என்று நீங்கள் எண் வைக்கவில்லையா? பணவீக்கத்துக்கு எண் தேடி அலைய வேண்டியதும் இல்லை. 2016-இல் வகுத்த ஏற்பாட்டின்படி ரிசர்வ் வங்கியின் இலக்கு 4, மேல் எல்லை 6. அந்த எல்லையே நிலைக்கும் என்றும் சொல்ல முடியாது. 2022-இல் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் சராசரி 6-க்கு மேல் போனதால், ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்கு விளக்கம் எழுத வேண்டி வந்தது.

உத்தரவாத வருமானத் திட்டங்கள் இன்னும் மோசம். “25 வருஷம் கழித்து ஆண்டுதோறும் ஒரு லட்சம், உறுதி” என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். உறுதிதான். 6 சதவீதப் பணவீக்கத்தில் அந்த முதல் லட்சமே இன்றைய 23,300 ரூபாய். அடுத்தடுத்த வருஷங்களில் இன்னும் தேயும்.

நான் கேட்பது இவ்வளவுதான்: முதிர்வுத் தொகைக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில், பணவீக்கம் 4 என்றால் இன்றைய மதிப்பு, 6 என்றால் இன்றைய மதிப்பு என இரண்டு கட்டங்கள். கட்டும் பிரீமியத்துக்கும் அப்படியே. பிற்சேர்க்கையில் வேண்டாம், பாலிசிதாரர் கையெழுத்துப் போடும் பக்கத்தில் வேண்டும். பிரிட்டனில் ஓய்வூதியம் சேர்ப்பவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் கணிப்பு, பணவீக்கத்தைக் கழித்து இன்றைய பண மதிப்பிலேயே தரப்படுகிறது. நம் கம்பெனிகளும் இந்தத் தாளைக் கணினியில்தான் எடுக்கின்றன. இரண்டு கட்டங்கள் கூட்டுவதற்குப் பெரிய செலவு ஆகாது, ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படிக்கு,
பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கும் பாலிசிதாரர் ஒருவர்