கப்பு வருமா என்று கேட்டாயே, தம்பி

ஆத்தங்குடி
18.5.2025

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ சிங்கப்பூரிலிருந்து கொடுத்துவிட்ட தைலம் தீர்ந்துவிட்டது, அடுத்து வருகிறவர்களிடம் இரண்டு பாட்டில் கொடுத்துவிடு.

போன ஞாயிறு போனில், "வர்ற சீசனாவது நம்ம சென்னையின் எஃப்.சி. கப்பு அடிக்குமாப்பா?" என்று கேட்டாய். "பார்ப்போம்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் ராத்திரி முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. கால்பந்து விஷயத்தில் நீயும் நானும் மழுப்பிப் பேசியதில்லை. மனதில் பட்டதைச் சொல்கிறேன்: வராது. இப்போது ஆள் சேர்க்கிற மாதிரியே சேர்த்தால் அதற்கடுத்த வருஷமும் வராது.

இந்த சீசன் இந்தியன் சூப்பர் லீக்கில் பதின்மூன்று அணியில் பதினொன்றாவதாக வந்த ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. 2018-இல் கப்பு வாங்கிய அடுத்த சீசனே கடைசி இடத்துக்குப் போனோம். அப்போதுகூட எனக்கு மனசு விட்டுப்போகவில்லை. இப்போது பயமாக இருக்கிறது.

2015-ஐ நினைத்துப் பார். சென்னையே வெள்ளத்தில் கிடந்தது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேவில் போய் ஆடி, கொல்கத்தாவை மூன்று கோலில் அடித்தார்கள். கோவாவில், கோவா அணியோடு ஃபைனல். 87-ஆவது நிமிஷம் 2-1 என்று நாம் பின்னால். அவர்கள் கீப்பர் கைபட்டு ஒன்று உள்ளே போக, தொண்ணூறு நிமிஷத்துக்கு மேல் கூட்டிக்கொடுத்த நிமிஷங்களில் நம் மெண்டோசா ஒன்று போட, 3-2. அந்த சீசனில் மெண்டோசா மட்டும் 13 கோல். ஆனால் அன்றைய விதியில் ஆறு வெளிநாட்டு ஆட்கள் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கலாம். நல்ல ஆளாக ஆறு பேரைக் கொண்டுவந்தால் பாதி அணிக்கு மேல் தேறிவிடும். 2021-22 சீசனிலிருந்து நான்கே பேர்தான். பதினொன்றில் ஏழு பேர் நம் நாட்டுப் பையன்கள். ஏழு பேர் சரியில்லாவிட்டால் முன்னால் எந்தத் தேசத்து ஆளை நிறுத்தி என்ன பிரயோஜனம்? நம் ஆட்களோ இன்னும் 2015 கணக்கிலேயே இருக்கிறார்கள். ஒவ்வொரு கோடையிலும் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் பெயர் ஒன்று வரும், படம் வரும், நாமும் குதிப்போம். உள்ளூர் நடுக்களத்தில் யார் என்ற கேள்விக்குப் பதில் வராது.

2018 அணி வேறு. முன்னால் ஜெஜே, நடுவில் வியாசர்பாடி தன்பால் கணேஷ், இருபது வயதுப் பிள்ளையாக அனிருத் தாப்பா. அந்த ஃபைனல் நடந்த சனிக்கிழமை உனக்கு ப்ளஸ் ஒன் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அம்மா டிவியைப் போடக் கூடாது என்றாள், நான்தான் போட்டேன். ஒன்பதாவது நிமிஷமே பெங்களூருவின் சேத்ரி தலையால் போட்டுவிட்டார், அவர்கள் மைதானமே இரைந்தது. நீ புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. நம் மெயில்சன் ஆல்வ்ஸ் இரண்டு தடவை எம்பி முட்டினார், இரண்டும் கோல். அகஸ்டோ மூன்றாவதைப் போட்டதும் நீ முற்றத்தில் ஓடிய ஓட்டத்தில் அப்பத்தா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் நம் பட்டறையில் நீ ஊற்றிய தரைக் கல் ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடியைத் துடைத்து, சட்டத்தை வைத்து, அச்சுக்குள் நீல சாயத்தைக் கரண்டியால் ஊற்றினாய். அச்சைத் தூக்கும்போது கை நடுங்கி ஒரு ஓரம் கலங்கிவிட்டது. மேலே காய்ந்த மணல் சிமெண்ட் தூவி, அப்புறம் ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டினோம். சாயங்காலமே கண்ணாடியைப் பிரித்துப் பார்க்கலாமா என்று நச்சரித்தாய். தொட்டியில் கிடந்து, நிழலில் காய்ந்து, கண்ணாடி தானாக விட்ட பிறகுதான் கொடுத்தேன். இன்றைக்கும் பட்டறை வாசற்படியில்தான் பதிந்து கிடக்கிறது, நீலம் மங்கவே இல்லை. அவசரத்தில் பிரித்த கல்லெல்லாம் என்ன ஆனது என்று உனக்கே தெரியும், பின்பக்கம் குவியலாகக் கிடக்கும்.

நம் கிளப்பும் பாதியில் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறது. 2019-20 சீசனில் ஓவன் காயில் நடுவில் கோச்சாக வந்து, கீழே கிடந்த அணியை ஃபைனல் வரை கொண்டுபோனார். மறு சீசனில் அவர் ஜாம்ஷெட்பூரில் இருந்தார். 15 கோல் போட்ட வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். 2021-22-இல் காயில் அந்த ஊருக்கு லீக் ஷீல்டு, அதாவது லீக் ஆட்டங்களில் முதலிடம் வந்ததற்கான பரிசு, வாங்கிக் கொடுத்தார். நமக்கு இன்றுவரை ஒரு ஷீல்டு கிடையாது. இங்கே லாஸ்லோ, பாண்டோவிச், பிரடாரிச் என்று வருஷத்துக்கு ஒரு கோச். ஒருவர் கேட்ட ஆட்டக்காரர் அடுத்தவருக்கு ஆகமாட்டார். 2023-இல் காயிலையே திரும்பக் கூட்டி வந்தோம், ஆறாவது இடம். அடுத்தது பதினொன்று. போனவர்களின் இடம் காலியாக இருக்கும்போது அவர் ஒருவரால் என்ன செய்ய முடியும்?

என் நெஞ்சு எரிவது வேறொன்றுக்கு. இந்த வருஷம் ஷீல்டு, கப்பு இரண்டையும் மோகன் பகான் வாங்கிவிட்டது. கோல் கம்பத்தில் நிற்கிறவர் விஷால் கெய்த், 2020 ஃபைனலில் நம் கீப்பர். நடுக்களத்தில் தாப்பா, நாம் பையனாக எடுத்து கேப்டன் பட்டைவரை கட்டிவிட்ட பிள்ளை, 2023-இல் போய்விட்டான். விதை நெல்லை விற்றுவிட்டு நாற்று எங்கே என்று தேடுகிறோம். அவர்களிடம் பணம் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் வருஷா வருஷம் வெளியிலிருந்து வாங்கும் பணத்தில் பாதியையாவது இருக்கிற இளசுகளைக் கட்டிப்போட வைத்திருக்கலாம். மூன்று வருஷம் தோற்றாலும் அதே பையன்கள் தோற்கட்டும், நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உட்காருகிறேன்.

சீசன் தொடங்கியதும் ஒரு ஆட்டத்துக்குப் போவேன். அதிகாலைப் பல்லவன் ரயிலில் ஏறினால் மத்தியானம் எழும்பூர். உனக்கு லீவு எப்போது என்று முன்கூட்டியே சொல், சேர்ந்தே போகலாம்.

இன்னொன்று. பட்டறையில் கலவை போடுகிறவர் மகன், பதினான்கு வயது, இடதுகால் ஆட்டக்காரன். கண்மாய் வற்றியதிலிருந்து தினமும் சாயங்காலம் அங்கேதான். நேற்று நின்று பார்த்தேன். பந்து வருவதற்கு முன்னாலேயே தலையைத் திருப்பி ஆள் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்கிறான், யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வெறுங்கால். நீ வரும்போது ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி வா. அளவு ஆறு. கால் வளர்கிற வயசு, ஏழாகவே வாங்கிவிடு.

அப்பா