வெள்ளிக்கிழமையை மட்டும் வெட்டாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

போன ஞாயித்துக்கிழமை உங்க வணிகப் பக்கத்துல ஒரு புது ஐடியாவை முழுசா செய்றதுக்கு முன்னாடி அஞ்சே நாள்ல டம்மி பண்ணி சோதிச்சுப் பார்க்குற 'டிசைன் ஸ்பிரிண்ட்' முறை பத்தி வந்த கட்டுரை படிச்சேன், தமிழ்ல இதப் பத்தி எழுதுனதுக்கே பெரிய நன்றி. ஆனா சுவர்ல கலர் சீட்டு ஒட்டுறது, படம் வரையிறது எல்லாம் விலாவாரியா போட்டுட்டு கடைசி நாளை ஒரே வரில முடிச்சுட்டீங்க. ஆறு வருஷமா ஆப் டிசைன் வேலைல இருக்கேன், அந்தக் கடைசி நாளுக்காகத்தான் மத்த நாலு நாளுமே.

கூகுள்ல இருந்த ஜேக் நாப் 2010-ல ஆரம்பிச்சு, அப்புறம் கூகுள் வென்ச்சர்ஸ்ல அவங்க பணம் போட்ட கம்பெனிகளோட சேர்ந்து செஞ்சு செஞ்சு செதுக்குன முறை இது. ஏழு பேருக்கு மேல வேண்டாம், அஞ்சே நாள். திங்கள் பிரச்சனை எங்க இருக்குன்னு பிடிக்கணும், செவ்வாய் வரையணும், புதன் முடிவு, வியாழன் பார்க்க நிஜம் மாதிரியே இருக்குற ஒரு டம்மி, வெள்ளி வெளியாளுங்க அஞ்சு பேர் கிட்ட ஒவ்வொருத்தரா குடுத்துப் பார்க்குறது.

இதுல செவ்வாயும் புதனும் நம்ம ஆஃபீஸ்களுக்கு ரொம்ப நல்லதுங்க. நம்ம ஊர்ல மீட்டிங்னா சார் வாயத் தொறந்ததும் மத்தவங்க தலையாட்டுறதுதான் வழக்கம், இங்க எல்லாரும் பேசாம தனித்தனியா வரைஞ்சு பேர் போடாம சுவர்ல ஒட்டிடுவாங்க, எது யாரோடதுன்னு தெரியாமலே பிடிச்ச இடத்துல பொட்டு வைக்கணும். எங்க டீம்ல சேர்ந்து மூணு மாசமே ஆன பொண்ணு வரைஞ்சதுக்குத்தான் ஒரு தடவை அதிகப் பொட்டு விழுந்துச்சு, அதுவரைக்கும் அந்தப் புள்ள மீட்டிங்ல ஒரு வார்த்தை பேசுனதில்ல.

வெள்ளிக்கிழமைக்கு வரேன். மளிகைக் கடை கடன் நோட்டுக்குப் பதிலா ஒரு ஆப் பண்ணோம். டம்மில பின்னாடி ஒன்னுமே கிடையாது, வெறும் படம், தொட்டா அடுத்த படம் வரும், அவ்ளோதான். இங்க கோவை கணபதி ஏரியால ஒரு கடைக்கார அண்ணன் கிட்ட குடுத்தோம். துவரம்பருப்பு எடை போட்டுட்டே வாங்கிப் பார்த்தாரு, 'மொபைல் நம்பர்'னு கேட்ட இடத்துல விரல் அப்படியே நின்னுருச்சு. "நம்பரெல்லாம் எனக்கெங்க தம்பி தெரியும்"னு சொல்லி அவரோட நோட்டைத் தொறந்து காட்டுனாரு. அதுல 'மாடி வீட்டு அக்கா', 'ஆட்டோ மாமா', 'பச்ச கேட்டு'. நம்பர் போட்டாத்தான் உள்ளயே போக முடியும்னு நாங்க வெச்சிருந்தோம். அன்னிக்குப் பார்த்த அஞ்சு பேர்ல நாலு பேர் அதே இடத்துலதான் நின்னாங்க. கோட் ஒரு வரி கூட எழுதல, அதனால மாத்துறதுக்கு ரெண்டு நாள்தான் ஆச்சு.

அஞ்சு பேர் போதுமான்னு எல்லாரும் கேக்குறாங்க. ஒரு ஆப்பை யூஸ் பண்றதுல இருக்குற குறைகள்ல சுமார் 85% முதல் 5 பேர்லயே தெரிஞ்சுடும்னு ஆப், வெப்சைட் எல்லாம் யூஸ் பண்ண ஈஸியா இருக்கான்னு ஆராய்ச்சி பண்ண ஜேக்கப் நீல்சன் 2000-லயே எழுதியிருக்காரு. அமெரிக்கால சாவியோக்னு ஒரு கம்பெனி, ஹோட்டல் ரூமுக்கு டூத்பிரஷ் கொண்டு போற ரோபோவைக் கூட இப்படித்தான் நிஜ கெஸ்ட்டுங்க கிட்ட விட்டுப் பார்த்தாங்க. அது கண் சிமிட்டி ஆடிக் காட்டுனா ஆளுங்களுக்குப் பிடிக்குமாங்குற சந்தேகம் அதுலயே தீர்ந்துச்சு.

அப்புறம் நான் போன இன்னொரு கம்பெனில 'டைம் இல்ல, நம்ம ஆளுங்களே பார்த்துக்கலாம்'னு வெள்ளியை வெட்டிட்டாங்க. லேத் பட்டறைக்காரங்களுக்கான ஆப் அது. ஏசி ரூம்ல எல்லாருக்கும் சூப்பரா ஓடுச்சு, நாலு மாசம் கோட் எழுதி பட்டறைக்குக் கொண்டு போனா கையெல்லாம் கூலன்ட் ஆயிலு, ஸ்கிரீன்ல விரலே நிக்கல. அவங்க ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப் வாய்ஸ்லதான் வருது, டைப் பண்ற வேலையே அங்க கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை பட்டறை வாசல்ல நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும், எனக்கு இன்னும் ஆறல.

இங்க காலேஜ்கள்லயும் இப்ப ஸ்பிரிண்ட்னு ரெண்டு நாள், மூணு நாள் நடத்துறாங்க, டெஸ்ட் பண்றது பக்கத்து பெஞ்ச் பசங்க கிட்டயே. அதனால உங்க கிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரைல டம்மியைக் கையில வாங்கிப் பார்க்குற அந்த அஞ்சு பேர்ல ஒருத்தரைப் பேட்டி எடுத்துப் போடுங்க. நிருபரை அனுப்புனீங்கன்னா அந்த மளிகைக் கடை அண்ணன் கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கடைல கூட்டம் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சரவணம்பட்டி, கோவை