முன்சக்கர ஹப்பின் அளவை விற்பனைச் சீட்டில் எழுத வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையிலும் நீலகிரியிலும் மலைப்பாதைச் சைக்கிள் ஓட்டும் இளைஞர்களை இப்போது அடிக்கடி காண முடிகிறது, இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், சைக்கிளோடு வந்த சாதாரண சஸ்பென்ஷன் ஃபோர்க்கை (முன்சக்கரத்தை இரு கால்களால் பிடித்து, அமுங்கி எழுந்து அதிர்வைத் தாங்கும் கவை) கழற்றிவிட்டு நல்லதொன்றைப் பொருத்த விரும்பும்போது அவர்களில் பலர் பணத்தை இழக்கிறார்கள். முன்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் எந்த அளவைச் சேர்ந்தது, அதற்கு எந்த ஃபோர்க் பொருந்தும் என்ற விவரத்தை விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை என்பதே இதற்கு முதன்மையான காரணம்.

பல ஆண்டுகளாக இந்தக் குழப்பத்துக்கே இடமில்லாமல் இருந்தது. ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் இடையே 100 மி.மீ. இடைவெளி, அச்சின் முனை 9 மி.மீ. தடிமன், அதைக் கையாலேயே திறந்து மூடக்கூடிய குயிக் ரிலீஸ் லீவர் ஒன்று இறுக்கிப் பிடிக்கும். சாலைப் பந்தயச் சைக்கிளில் பிறந்த இந்த ஏற்பாட்டையே மலைச் சைக்கிளும் கடன் வாங்கிக்கொண்டது. ஆனால், ஃபோர்க் மேலும் கீழும் இயங்கத் தொடங்கிய பிறகு, இரு கால்களும் ஒன்றுக்கொன்று விலகி முறுக்கிக்கொள்ளாதபடி தாங்கும் பொறுப்பில் பெரும்பங்கு அச்சின் மேல் விழுந்தது. மெல்லிய அச்சு அதற்குப் போதாது என்பதால், செங்குத்தான இறக்கங்களில் ஓட்டுவோருக்கு 20 மி.மீ. அச்சும் 110 மி.மீ. அகலமும் கொண்ட ஹப் வந்தது. மற்றவர்களுக்கு 15 மி.மீ. அச்சும் 100 மி.மீ. அகலமும் வந்தன. 29 அங்குலச் சக்கரம் பரவியபோது, நீண்ட ஸ்போக்ஸ் கம்பிகள் பக்கவாட்டில் வளைந்து கொடுப்பதைக் குறைக்க ஹப்பில் அந்தக் கம்பிகளை மாட்டும் இரு விளிம்புகளையும் விலக்கி வைக்க வேண்டியிருந்தது. அதற்காக 15 மி.மீ. அச்சுக்கும் அகலம் 110 மி.மீ. ஆனது. பூஸ்ட் என்று இப்போது அழைக்கப்படுவது இதுவே. பின்சக்கரத்திலும் அகலம் 135, 142, 148 மி.மீ. என்று கூடிக்கொண்டே வந்தது.

அகலம் இரண்டிலும் 110 என்றிருப்பதால் பழைய 20 மி.மீ. ஹப் பூஸ்ட் ஃபோர்க்குக்குப் பொருந்திவிடும் என்று எண்ணுவோர் உண்டு. குழல் செருகி அச்சின் துளையைச் சிறிதாக்கிவிட்டாலும், பழைய ஹப்பில் பிரேக் டிஸ்க் 5 மி.மீ. உள்ளே தள்ளி இருப்பதால் அது காலிப்பருக்குள் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக்கின் பகுதி) சரியாக நுழையாது. அதேபோல், 15 மி.மீ. அச்சுக்கான ஹப்பைத் தகுந்த முனைமூடிகள் கிடைத்தால் 9 மி.மீ. ஃபோர்க்கில் பொருத்தலாமே தவிர, பேரிங் முழுவதும் மெல்லிய அச்சின் மேலேயே அமர்ந்திருக்கும் சாதாரண ஹப்பை 15 மி.மீ. ஃபோர்க்குக்கு ஏற்றதாக மாற்ற முடியாது. எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் நெடுநாள் சேமித்து, காற்று நிரப்பும் ஏர் ஃபோர்க் ஒன்றை வரவழைத்தார். பழைய சக்கரத்தை அதில் வைத்தபோது இருபுறமும் விரற்கடைக்குக் குறைவான இடைவெளி விழுந்தது. அதை வாஷர் போட்டு நிரப்பித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். முன்சக்கரத்தில் வாஷரை நம்பி இறக்கத்தில் போவது உயிரோடு விளையாடுவது. நல்ல வேளையாக மாணவர் மறுத்துவிட்டார். ஆனால் புது ஹப், புது ஸ்போக்ஸ், கோட்டம் எடுக்கும் கூலி என்று அவருக்கு இரண்டாவது செலவு வந்து சேர்ந்தது.

பழைய குயிக் ரிலீஸே போதுமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் ஃபோர்க்கின் இடது காலுக்குப் பின்னால் இருப்பதால், பலமாகப் பிரேக் பிடிக்கும்போது அச்சு கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. அச்சு உட்காரும் வாயும் கீழ்நோக்கியே திறந்திருக்கிறது. லீவர் தளர்ந்திருந்தால் சக்கரம் கழன்றுவிடக்கூடும். 2015இல் ட்ரெக் நிறுவனம், சரியாக மூடப்படாத லீவர் முன்சக்கர டிஸ்க்கில் சிக்கும் அபாயம் இருந்ததால், அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்ற ஏறத்தாழ 10 லட்சம் சைக்கிள்களின் லீவரை மாற்றித் தருவதாக அறிவித்தது. ஃபோர்க்கின் இரு கால்களையும் ஊடுருவித் திருகி நிற்கும் த்ரூ ஆக்சிலில் (மேலே சொன்ன 15, 20 மி.மீ. அச்சுகள் இவ்வகையே) இந்த இரு அபாயங்களும் பெருமளவு நீங்கிவிடுகின்றன. ஆகவே, கரடுமுரடான இறக்கங்களில் ஓட்டுபவர்கள் அதை ஆடம்பரமாகக் கருதக் கூடாது.

ஃபோர்க்கைத் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு அமுங்கும் என்பதையே எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எவ்வளவு அமுங்கும் ஃபோர்க்குக்காக சைக்கிளின் சட்டகம் வடிவமைக்கப்பட்டதோ அந்த அளவை ஒட்டியே நிற்பது நல்லது. ஃபோர்க்கின் உயரம் 20 மி.மீ. கூடினால் முன்பக்கச் சாய்வு ஏறத்தாழ 1 டிகிரி மாறிவிடும், 100 மி.மீ. அமுங்கும் ஃபோர்க்குக்கான சட்டகத்தில் 140 மி.மீ. அமுங்கும் ஃபோர்க்கைப் பொருத்தினால் ஹேண்டில் மந்தமாவதோடு சட்டகத்தின் கழுத்தும் தாங்காத சுமையைச் சுமக்கும். அந்தக் கழுத்துக்குள் நுழையும் தண்டையும் பார்க்க வேண்டும்: பழையது மேலிருந்து கீழ்வரை 28.6 மி.மீ., புதியது அடியில் சுமார் 40 மி.மீ. வரை அகன்றது. அகன்ற தண்டு குறுகிய கழுத்தில் இறங்காது. விலை குறைந்த ஸ்பிரிங் ஃபோர்க்கில் மெலிந்தவருக்கும் பருமனானவருக்கும் ஒரே ஸ்பிரிங்தான் வருகிறது; காற்று நிரப்பும் ஃபோர்க்கையோ அவரவர் எடைக்கேற்ப, ஏறி அமர்ந்ததும் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும்படி சரிசெய்துகொள்ளலாம். அதற்குப் பணம் போதாதவர்கள், கனமான மட்ட ரக ஸ்பிரிங் ஃபோர்க்கை விட அசையாத சாதாரண ஃபோர்க்கையும் அகலமான டயரையும் தேர்ந்தெடுப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

சைக்கிள் விற்பவர்கள், கடையிலானாலும் இணையத்திலானாலும், அச்சின் தடிமன், ஹப்பின் அகலம், கழுத்துத் தண்டின் வகை, சட்டகம் ஏற்கும் ஃபோர்க் அதிகபட்சம் எவ்வளவு அமுங்கலாம் என்ற அளவு ஆகியவற்றை விலைச்சீட்டிலும் ரசீதிலும் எழுதித் தர வேண்டும். தயாரிப்பாளரிடம் ஏற்கெனவே இருக்கும் விவரம்தான் என்பதால் அவர்களுக்கு இதில் கூடுதல் செலவு ஏதுமில்லை. தங்கள் நாளிதழும் புதிய சைக்கிள்களை அறிமுகப்படுத்தும்போது கியரின் எண்ணிக்கையோடு இந்த அளவுகளையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், குன்னூர்