கதிருக்கு

கதிர்,

நீ இரவெல்லாம் கைப்பேசியில் தொடை எலும்புக்குள் நெய்ல் கம்பி போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று கவிதா சொன்னாள். அறுவை சிகிச்சையைப் படிப்படியாகப் பழக்கும் அந்த டச் சர்ஜரி செயலியை நானும் இறக்கிப் பார்த்தேன். லண்டனில் தொடங்கியதாம், 2020-இல் மெட்ரானிக் என்ற மருத்துவக் கருவி நிறுவனம் வாங்கிவிட்டதாம். முதலில் சிரிப்புதான் வந்தது. ரத்தமில்லை, எக்ஸ்ரேக்கு மாட்டும் ஈய ஏப்ரன் இல்லை, விரலை இழுத்தால் எலும்பு வழிவிடுகிறது! ஆனால் அடுத்து என்ன என்று அது கேட்டபோது, இத்தனை காலம் எலும்பு தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுத்த நானே தடுமாறினேன்.

எங்கள் காலத்துப் பெரிய டாக்டர்கள் எதையும் சொல்லித் தரமாட்டார்கள். நெய்லுக்கு வழிகாட்டும் கைடு வயரை ஏன் இரண்டு கோணத்தில் பார்க்கிறார்கள், எலும்பின் உள்ளே குடையும் ரீமரை ஏன் அரை அரை மில்லிமீட்டராகக் கூட்டுகிறார்கள், நெய்லைவிட ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கூடியதும் ஏன் நிறுத்துகிறார்கள், எல்லாம் அவர்கள் தலைக்குள்ளேயே இருக்கும். கேட்டால் வசவு. அதை அவர்கள் வாயிலிருந்து படிப்படியாகப் பிடுங்கி எழுதிவைத்துத்தான் இப்போது மனப்பயிற்சி கொடுக்கிறார்கள். நல்லதுதான். செய். ஆனால் தூங்கு.

நெய்லின் கீழ் முனையைப் பூட்டும் ஸ்க்ரூ போடுமிடம்தான் எனக்குக் கவலை. சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் நெய்லின் துளை முழு வட்டமாகத் தெரியும்வரை ட்ரில்லைத் தொடாதே. நீள்வட்டமாகத் தெரிந்தால் சி-ஆர்மைத் திருப்பச் சொல். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தாலும் திருப்பச் சொல். அந்த முணுமுணுப்பு செயலியில் கிடையாது. எலும்பு கொடுக்கும் எதிர்ப்பும் கிடையாது. அது தியேட்டரில் நின்றால்தான் கைக்கு வரும்.

நீ இப்போது தியேட்டரில் நிற்கிறாயா என்று நான் கேட்கவில்லை. வார்டோடு நிறுத்திவிட்டார்கள் என்று கவிதா சொல்லவும் இல்லை.

பொங்கலுக்கும் வரவில்லை. பெரியப்பா மூட்டுவலி மாத்திரையை உன் பெயரைச் சொல்லித்தான் விழுங்குகிறார். "எலும்பு டாக்டருக்கு ஓய்வே இல்லை" என்று நானும் தலைநிமிர்ந்து சொல்லிவைத்திருக்கிறேன். ஓய்வில்லாதவனுக்கு விடியற்காலை மூன்று மணிக்குக் கைப்பேசியில் என்ன வேலை? பெற்றவளிடம் பேச மட்டும் நேரமில்லையா?

சாப்பிடு. தூங்கு. வட்டம் முழுதாகத் தெரியும்வரை ட்ரில்லைத் தொடாதே.

வெள்ளிக்கிழமை அப்பா திதி. அய்யர் ஒன்பதரைக்கு வருவார். அதற்குள் நீயே கூப்பிடு. நான் கூப்பிட்டால் ரவுண்ட்ஸ் என்பாய்.

அம்மா