பேட்டரியை மாற்றுவதற்கு முன் வழியை அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூசிலாந்தின் தென்தீவில் குடும்பத்தோடு வீட்டு வண்டியில் சுற்றிவந்த வாசகர் ஒருவரின் கடிதத்தைச் சென்ற வாரம் தங்கள் இதழில் படித்தேன். வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோமில் மூன்றாம் நாளே விளக்குகள் மங்கி ஹீட்டர் நின்றுபோனதையும், கைக்காசைப் போட்டுப் புதிய பேட்டரி பொருத்திய பிறகும் ஐந்தாம் இரவில் அதே கதி நேர்ந்ததையும் அவர் எழுதியிருந்தார். ஈய பேட்டரிகளை ஒழித்துவிட்டு எல்லா வண்டிகளிலும் லித்தியம் பேட்டரி வைக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. அவர் பட்ட துன்பத்தில் எனக்கு ஐயமில்லை, முடிவில்தான் உடன்பாடில்லை. புதிய பேட்டரியும் இரண்டே நாளில் சோர்ந்துவிட்டது என்றால், குறை பழைய பேட்டரியில் மட்டும் இல்லை என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டுக்குமே மின்சாரம் வந்து சேர்ந்திருக்காது.

நம் ஊரில் கார் வைத்திருப்பவர்கள் இப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூரின் வெப்பத்தில் கார் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடுகிறது. ஒருநாள் காலையில் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஒலி மட்டும் கேட்கும், தொலைபேசியில் அழைத்தால் ஒருவர் புதிய பேட்டரியோடு வந்து மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவார், அத்துடன் வேலை முடிந்தது. ஆனால் பெரும்பாலான கார்களில் பேட்டரிக்கும் அதற்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டருக்கும் இடையே கைநீளத் தூரம்தான். வீட்டு வண்டியில் பேட்டரிகள் இரண்டு. எஞ்சினைக் கிளப்ப வண்டியின் முன்பக்கத்தில் ஒன்று. விளக்கு, தண்ணீர்ப் பம்ப், குளிர்சாதனப் பெட்டி, ஹீட்டர் விசிறி ஆகியவற்றுக்காகப் பின்னால் இருக்கைக்கு அடியில் மற்றொன்று. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும் கம்பி வண்டியின் அடிப்பகுதி வழியே ஐந்தாறு மீட்டர் ஓடுகிறது. இடையில் ஃபியூஸ்கள், ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), பல இணைப்புகள், மின்சாரம் திரும்பிவருவதற்காக வண்டியின் இரும்புச் சட்டத்தில் முடுக்கிய எர்த் முனைகள் எல்லாம் இருக்கின்றன. சேறும் ஈரமும் படுகிற இந்த வழியில்தான் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை ஒளிந்திருந்தன. கப்பல் பட்டறையில் முப்பதாண்டுகளுக்கு மேல் மின்பணி செய்து ஓய்வுபெற்றவன் என்பதால், பேட்டரியைக் குறை சொல்லும் முன் கம்பியைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

எங்கள் குடும்பத்துக்கும் ஒரு ஜூன் விடுமுறையில் (அங்கே அது குளிர்காலம்) இதே அனுபவம் வாய்த்தது. நானும் என் மனைவியும் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவருடன் கிரைஸ்ட்சர்ச்சில் வண்டியை எடுத்து, டெக்கபோ ஏரி வழியாக மவுண்ட் குக் மலையடிவாரத்திற்குச் சென்றோம். அங்கு சேர்ந்து எஞ்சினை நிறுத்தப் போகும் நேரத்தில், கதவுக்கு மேலிருந்த பலகையில் நான்கு பச்சை விளக்குகளும் எரிவதைப் பார்த்து, பேட்டரி நிறைந்திருக்கிறது என்று மகன் சொன்னான். அதிகாலை இரண்டரை மணிக்கு ஹீட்டர் நின்றது. வெளியே உறைபனி, பேரப்பிள்ளைகள் இருவரையும் நடுவில் போட்டு, இருந்த போர்வைகளையெல்லாம் அவர்கள்மேல் போர்த்திவிட்டு, விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். காலையில் வாடகை நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தபோது, இன்னும் அதிக தூரம் ஓட்டினால் பேட்டரி ஏறிவிடும் என்றார்கள். அவர்கள் கைகாட்டிய பழுதுபார்ப்பவரோ, வந்து பார்க்காமலே, பேட்டரி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

என் பையில் வோல்ட் அளக்கும் கருவியான மல்ட்டிமீட்டர் ஒன்று இருந்தது. (அதைப் பெட்டியில் வைத்தபோது என் மனைவி சொன்னவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை.) எஞ்சினை ஓடவிட்டு முன் பேட்டரியின் இரு முனைகளிலும் அளந்தேன்: 14.2 வோல்ட். ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று அதற்குப் பொருள். பின் பேட்டரியில் 12.7 வோல்ட்தான் இருந்தது. இந்த எண்ணில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மின்னேற்றம் எதுவும் இல்லாமல், எதையும் இயக்காமல், சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் ஈய பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் அது நிறைந்திருக்கிறது, 12.2க்கு அருகில் காட்டினால் பாதிதான் மீதம், 11.8க்குக் கீழே போனால் காலி. ஆனால் எஞ்சின் ஓடி மின்னேறிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் அதே 12.7 காட்டினால், பேட்டரிக்குப் போதிய மின்சாரம் வரவில்லை என்று பொருள். பச்சை விளக்குப் பலகைக்கு இந்த வேறுபாடு தெரியாது. அது வோல்ட்டைப் பார்த்து விளக்கைப் போடுகிறது, அவ்வளவுதான்.

பிறகு வழிநெடுக அளந்துகொண்டே சென்றேன். முன் பேட்டரிக்கு அருகிலிருந்த ஃபியூஸ் கூட்டின் ஒரு பக்கத்தில் 14.2, மறுபக்கத்தில் 12.8. ஃபியூஸ் எரியவில்லை, அதைப் பிடித்திருந்த பித்தளை நாக்கில் பச்சை பூத்திருந்தது. தொட்டபோது சூடாக இருந்தது. பேட்டரிக்குப் போயிருக்க வேண்டிய மின்சாரத்தின் ஒரு பகுதி அங்கே வெப்பமாக வீணாகிக்கொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஃபியூஸைக் கழற்றிச் சோதித்திருந்தால் அது நல்ல நிலையில் இருப்பதாகத்தான் மீட்டர் சொல்லியிருக்கும், ஏனெனில் மின்னோட்டம் இல்லாதபோது இத்தகைய இணைப்பில் வோல்ட் இறங்காது. ஆகவே எஞ்சின் ஓடும்போது, பின் பேட்டரி மின்சாரத்தை இழுக்கும்போதுதான் அளக்க வேண்டும். எர்த் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது: பின் பேட்டரியின் எதிர்மின் (−) முனைக்கும் வண்டியின் சட்டத்துக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்தப் பிணைப்பைச் சுரண்டித் துலக்க வேண்டும்.

இந்த எண்களோடு மீண்டும் அழைத்தபோது உரையாடலின் போக்கே மாறிவிட்டது. 'முன்னால் 14.2, பின்னால் 12.7, ஃபியூஸ் கூட்டில் மட்டும் 1.4 இறங்குகிறது' என்று சொன்ன பிறகு, அதிக தூரம் ஓட்டச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. ட்வைசல் ஊரில் ஒரு மெக்கானிக் இருபது நிமிடத்தில் கூட்டை மாற்றிக் கொடுத்தார். பின்னால் 13.9 வந்தது. 'போய்விட்ட' அதே பேட்டரி எஞ்சிய எட்டு நாள்களும் உழைத்தது.

எல்லா வண்டியிலும் ஃபியூஸ் கூடுதான் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. கம்பியே மெலிந்திருக்கலாம். 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போக ஐந்து, வர ஐந்து என்று பத்து மீட்டர் ஓடினால், 30 ஆம்பியர் செல்லும்போது ஏறத்தாழ 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும்; அதே தூரத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். புதிய வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, முன் பேட்டரி நிறைந்தவுடன் ஆல்டர்னேட்டர் தன் மின்னழுத்தத்தை, அதாவது வோல்ட்டை, தானே தாழ்த்திக்கொள்கிறது. கிளம்பும்போது 14க்கு மேல் காட்டிய மீட்டர் அரை மணி நேரம் கழித்து 12.5 காட்டினால் அது பழுதன்று. அத்தகைய வண்டியில் வெறும் ரிலே போதாது, அழுத்தத்தை உயர்த்தித் தரும் டிசி-டிசி சார்ஜர் இருக்க வேண்டும். வண்டியை எடுக்கும்போதே அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. முகாமில் 230 வோல்ட் இணைப்பில் செருகும்போதோ, சில நிமிடங்களில் பின் பேட்டரி 13.5ஐத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் சார்ஜரின் சுவிட்ச்சையும் பிரேக்கரையும் பாருங்கள். 230 வோல்ட் பக்கத்தைத் திறக்கும் வேலையை உரிமம் பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

சில இரவுகளில் பழுதே இருக்காது, கணக்குத்தான் உதைக்கும். 100 ஆம்பியர்-மணி (ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் செலவாவது ஓர் ஆம்பியர்-மணி) ஈய பேட்டரியில் அதன் ஆயுள் குறையாமல் எடுக்கக்கூடியது பாதி, அதாவது 50. ஜூன் மாதத்தில் மாலை ஐந்து மணி முதல் காலை எட்டு மணிவரை, ஹீட்டர் விசிறி மணிக்கு 2 வீதம் 30, குளிர்சாதனப் பெட்டி சராசரியாக 1.5 வீதம் 22, விளக்கும் பம்ப்பும் 5 என்று கூட்டினால் 57 ஆகிறது. குளிரில் பேட்டரியின் கொள்ளளவு மேலும் சுருங்கும். கூரைமேல் சூரியத் தகடு இருக்கிறதே என்று நம் ஊர் வெயிலை நினைத்து நம்ப வேண்டாம். மவுண்ட் குக் பகுதியில் ஜூன் இறுதியில் நண்பகல் சூரியனே தொடுவானத்திலிருந்து 23 பாகை உயரத்தில்தான் நிற்கும், பகல் ஒன்பது மணி நேரம், அதிலும் மலைநிழல். இரண்டு இரவுக்கு ஓர் இரவு மின்வசதியுள்ள முகாமில் தங்குவதே அங்கே குளிர்காலத்துக்கு ஏற்றது.

லித்தியத்தைப் பற்றி ஒரு சொல். அது நல்ல பேட்டரிதான். கொள்ளளவில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம், எடையும் குறைவு. ஆனால் வண்டிகளில் வைக்கும் வகை, உள்ளே வெப்பமூட்டும் அமைப்பு இல்லாவிட்டால், பூச்சியத்துக்குக் கீழான குளிரில் மின்னேற்றத்தை ஏற்கக் கூடாது. காப்புச் சுற்று தடுத்துவிடும். பச்சை பூத்த ஃபியூஸ் கூட்டின் மறுமுனையில் அதைப் பொருத்தினால், வாசகர் கூடுதல் விலை கொடுத்து அதே இருட்டில்தான் உட்கார்ந்திருப்பார்.

வாடகை வண்டியில் எதையும் கழற்ற வேண்டாம். அளந்து, படமெடுத்து, எண்களைச் சொன்னால் போதும். அளக்கும்முன் கைமோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். 12 வோல்ட் உடம்பில் உறைக்காது என்றாலும், முனைகளுக்கு இடையே மாட்டிய மோதிரம் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். பட்டறையில் ஒரு நண்பரின் விரலில் அந்தத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன். புறப்படும் முன் உங்கள் சொந்தக் காரிலேயே ஒருமுறை பழகிக்கொள்ளலாம்: இரவு ஓய்ந்தபின் ஓர் அளவு, எஞ்சின் ஓடும்போது ஓர் அளவு.

மல்ட்டிமீட்டர் சிம் லிம் டவரில் எளிதாகக் கிடைக்கும். விலை மலிந்ததே போதும். அதன் உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தளர்ந்துவிட்டால் மீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அளந்து பார்க்காமலே புதிதாக மாற்றச் சொல்லி நான் பரிந்துரைக்கும் ஒரே பேட்டரி அதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் மின்பணியாளர்,
ஈசூன்